இறங்கும்போது பார்க்கவில்லை

கார் மூக்குல மாட்டிச் சுத்தி வண்டியை எடுக்கிற ஹேண்டிலை எப்படிப் பிடிக்கணும்னு எங்க அத்தான் வாயால கேக்காத டாக்ஸி டிரைவர் அந்தக் காலத்துல செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒருத்தன்கூடக் கிடையாது. "பெருவிரலும் மத்த நாலு விரலும் ஒரே பக்கமா இருக்கணும்டே. பெருவிரலைச் சுத்திப் பிடிச்சா போச்சு. நான் ஒரு நாள் அசந்து அப்படித்தான் பிடிச்சேன், இந்தா பாரு"ன்னு வலது கையை நீட்டுவாக. மணிக்கட்டுக்குக் கீழ அந்தக் கை உள்பக்கமா மடங்கி நிக்கும். விரல் அஞ்சும் இருக்கும். ஒண்ணும் பிடிக்காது.

கேட்டவன் ஐயோ பாவம்னு தலையை ஆட்டிட்டுப் போயிருவான். பக்கத்துல நிக்கிற நான் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிடுவேன். ஏன்னா அத்தான் பெருவிரலைச் சுத்திப் பிடிக்கவே இல்லை. நான் பக்கத்துல நின்னு பாத்தவன். அவுக எப்பவும் போலச் சரியாத்தான் பிடிச்சாக. தப்பு என் மேல. அதை மறைக்க அந்தப் பொய்யைச் சொன்னவனும் நான்தான்.

அறுபதுகள்ல பம்பாய் தாராவியில அக்கா, அத்தான், நான் மூணு பேரும் ஒரே ரூம். அக்கா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து கல்யாணமாகி வந்தா. பின்னாலேயே வேலை தேடி நானும் வந்து ஒட்டிக்கிட்டேன். அத்தான் ஒரு பஞ்சாபிக்காரரோட டாக்ஸியை ஓட்டினாக. நான் மாதுங்காவுல ஒரு குஜராத்தி சேட்டோட காரேஜுல எலெக்ட்ரீசியன். பேட்டரி, டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் என் கையிலதான். வாய் கொஞ்சம் நீளம், மூக்குக்கு மேல கோவம். ஆனா வேலைக்காரன். அதுல எனக்குத் திமிரும் உண்டு.

அத்தான் ஓட்டினது யுத்தத்துக்கு முந்தின சீமை வண்டி. அதுல ஸ்டீயரிங் நடுவுல ஒரு சின்ன லீவர் இருக்கும். அது எதுக்குன்னு சொன்னாத்தான் மத்தது விளங்கும். என்ஜினுக்குள்ள பெட்ரோல் பத்துறதுக்கு ஒரு பொறி விழணும். என்ஜின் வேகமாச் சுத்தும்போது அந்தப் பொறி கொஞ்சம் முந்தி விழணும். மெதுவாச் சுத்தும்போது கொஞ்சம் பிந்தி விழணும். பழைய வண்டியில இதை டிரைவர்தான் அந்த லீவரைத் தள்ளித் தள்ளிச் சரி பண்ணணும். ஹேண்டில் போட்டு வண்டியை எடுக்கும்போது பொறி நல்லாப் பிந்தி விழற மாதிரி வச்சுக்கிடணும். மறந்தா கதை கந்தல். பிஸ்டன் மேல வந்து சேரறதுக்குள்ள வெடிச்சு, என்ஜின் தலைகீழாச் சுத்திரும். கையில இருக்கிற ஹேண்டிலும் அந்த வேகத்தோட திருப்பி அடிக்கும். 'பேக் அடிச்சிட்டு'ன்னு நாங்க சொல்லுவோம். கை, தாடை, முழங்கை, எதுன்னு பாக்காது.

அத்தான் பதினஞ்சு வருசம் அந்த லீவரோட வாழ்ந்தவுக. காலையில வண்டிகிட்டப் போனா முதல்ல கதவைத் திறந்து கையை விட்டு லீவரைத் தள்ளுவாக. அப்புறம்தான் ஹேண்டிலைத் தொடுவாக. பேட்டரி பாதி நாள் செத்துக் கிடக்கும். அதனால தினமும் காலையில குளிர்ந்து கிடக்கிற வண்டிக்கு ஹேண்டில்தான். சூடேறின பிறகு செல்ஃப் ஸ்டார்ட்டர்லயே எடுத்துக்கிடும். பதினஞ்சு வருசத்துல அவுக கையில ஒரு கீறல் கிடையாது. ஸ்டாண்டுல மத்த டிரைவர் எல்லாம் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவான். "உங்க கைக்குத் தனியா இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீகளோ?"ம்பான். அத்தான் சிரிப்பாக. அதுல அவுகளுக்கு ஒரு பெருமை.

புது வண்டியில லீவர் கிடையாது. பொறியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ரெண்டு இரும்பு வெயிட்டும், அதை இழுத்துப் பிடிக்க ரெண்டு ஸ்பிரிங்கும் இருக்கும். என்ஜின் வேகம் கூடினா வெயிட் ரெண்டும் வெளிய விரியும், பொறி தானா முந்தி விழும். வேகம் குறைஞ்சா ஸ்பிரிங் இழுத்து உள்ள கொண்டாந்துரும், பொறி பிந்தி விழும். மனுசன் கை வைக்க வேண்டியதே இல்லை. இதை முதல்ல திறந்து பாத்தப்ப எனக்குக் கிறுக்கே பிடிச்சிட்டு. எவன் யோசிச்சான்யா இதைன்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

சேட் மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்துல ஒரு டெஸ்ட் பெஞ்ச் எடுத்துப் போட்டிருந்தாரு. டிஸ்ட்ரிபியூட்டரை அதுல மாட்டி மோட்டாரை ஓட்டினா, பொறி விழும்போதெல்லாம் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். அந்த வெளிச்சத்துல, சுத்துற முள்ளு நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி தெரியும். வேகத்தைக் கூட்டக் கூட முள்ளு டிகிரி டிகிரியா முன்னால நகரும். எந்த வேகத்துக்கு எத்தனை டிகிரின்னு பாத்துக்கிட்டா, உள்ள இருக்கிற வெயிட்டும் ஸ்பிரிங்கும் ஒழுங்கா வேலை செய்யுதான்னு தெரிஞ்சு போகும். அந்த வரிசையில அதை ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பக்கத்துக் காரேஜுக்காரனெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிக்கிட்டு என்கிட்டதான் வருவான்.

பெஞ்ச் மூடியில இங்கிலீஷ்ல ஒரு காயிதம் ஒட்டியிருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சு வச்சிருந்தேன். வேகத்தை ஏத்திக்கிட்டே போகும்போது ஒரு தடவை பாரு, இறக்கிக்கிட்டே வரும்போது இன்னொரு தடவை பாருன்னு போட்டிருந்தான். ஏறும்போது வெயிட் விரியுதான்னு தெரியும். இறங்கும்போதுதான் அது ஒழுங்காத் திரும்பி வருதான்னு தெரியும். நான் ஆரம்பத்துல ரெண்டும் பாத்தேன். சேட் பின்னால நின்னு கடிகாரத்தைத் தட்டுவாரு. "சலேகா, சலேகா"ம்பாரு. பம்பாயில அப்படி ஒரு வார்த்தை. ஓடும், போதும், விடுன்னு அர்த்தம். ஏறும்போது சரியா இருக்கிறது இறங்கும்போது எங்க போயிரப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன். நாளாவட்டத்துல அதுவே எங்க காரேஜ் வழக்கமாயிட்டு.

அத்தான் வண்டியிலயும் ஆட்டோமேட்டிக் மாட்டணும்னு ஆசைப்பட்டது நான். அவுக கேக்கல. "லீவர் என்னல பாவம் செஞ்சுது? இருக்கட்டும்"னுதான் சொன்னாக. நான் விடல. "உலகம் எங்கேயோ போயிட்டு, நீங்க இன்னும் லீவரைத் தள்ளிக்கிட்டு"ன்னு சாப்பிட உக்காந்தா இதே பேச்சு. கடைசியில அக்கா அடுப்படியில இருந்து கேட்டா.

"அதை வச்சா ஹேண்டில் திருப்பி அடிக்காதா தம்பி?"

"அடிக்கவே அடிக்காதுக்கா. மறக்கிறதுக்கு அங்க லீவரே இருக்காது."

அக்காவுக்கு அந்த ஹேண்டில்னா குலை நடுக்கம். பக்கத்து வரிசையில ஒரு டிரைவருக்கு முழங்கை போனதைக் கண்ணால பாத்தவ அவ. "அந்தக் கையை நம்பித்தான் நாம மூணு உசிரும் இந்த ஊர்ல இருக்கோம். தம்பி சொல்லுதான்ல, கேளுங்களேன்"னு அவ ஆரம்பிச்ச பிறகு அத்தானால ஒண்ணும் பேச முடியல. பஞ்சாபிக்காரரும் சரின்னுட்டாரு.

குர்லாவுல பழைய சாமான் கடையில ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் பிடிச்சேன். லேத்துக்காரனை விட்டு அடிப்பாகத்தை அந்த வண்டிக்குத் தக்கன கடைஞ்சேன். புது ஸ்பிரிங் போட்டேன். மண்ணெண்ணெயில போட்டுக் கழுவித் துடைச்சு, கண்ணாடி மாதிரி வச்சிருந்தேன். எல்லாம் முடிஞ்சப்ப ஆயுத பூஜை வந்துட்டு.

பம்பாய்க்காரன் தசராவன்னைக்குத்தான் வண்டிக்கு மாலை போடுவான். எங்க காரேஜுல பாதிப் பேர் நம்ம ஆளுக. அதனால முந்தின நாளே ஆயுத பூஜை நடக்கும். எல்லாச் சாமானையும் கழுவி, சரஸ்வதி படத்துக்கு முன்னால அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் காலையில சூடம் காட்டுற வரைக்கும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடக்கூடாது. அத்தானோட டிஸ்ட்ரிபியூட்டரை நான் மூடியைத் திறந்தே நடுவுல வச்சேன். உள்ள இருக்கிற வெயிட் ரெண்டுலயும் சந்தனத்தை அப்பினேன். அதுக்கு மேல குங்குமம். வெளியில வச்சா ஆகாதா? உள்ளதானே அதோட உசிர் இருக்குன்னு ஒரு நினைப்பு. அக்கா புருசன் சாமானாச்சேன்னு தாராளமாவே வச்சேன்.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலையா அதைத்தான் எடுத்தேன். வெளிய அத்தான் வண்டிக்குச் செண்டுப்பூ மாலை கட்டி நிறுத்தியிருந்தாக. தசராவன்னைக்குச் சவாரிக்குப் பஞ்சம் கிடையாது. சீக்கிரம் கிளம்பணும்னு பறந்தாக. நான் டிஸ்ட்ரிபியூட்டரைப் பெஞ்சில மாட்டினேன். உள்ள பாத்தா ரெண்டு பொட்டும் அப்படியே இருக்கு. சந்தனம் ஓரத்துல வழிஞ்சு வெயிட்டோட அச்சு வரைக்கும் இறங்கியிருக்கு. இது ஆகாதுன்னு எனக்குத் தெரியும். எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். துணியை எடுத்துட்டேன்.

கை போகல. எங்க ஊர்ல பொட்டை அழிக்கிறதுன்னா எதைச் சொல்லுவாகன்னு தெரியும்லா? நல்ல நாளும் அதுவுமா, அக்கா புருசன் சாமான்ல இருக்கிற பொட்டை நானே அழிக்கவான்னு நெஞ்சுக்குள்ள ஒரு திடுக். சாமிக்கு வச்சது, அது ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சேன். துணியைக் கீழ போட்டுட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

மோட்டாரைப் போட்டு வேகத்தை ஏத்தினேன். முள்ளு அழகா நகர்ந்துச்சு. எந்த வேகத்துல எங்க நிக்கணுமோ அங்க நின்னுச்சு. வெளிய அத்தான் ஹார்ன் அடிச்சாக. சேட் பேடா டப்பாவைத் திறந்து வச்சுக்கிட்டு வா வான்னு கூப்பிட்டாரு. நான் மோட்டாரை நிறுத்தினேன். முள்ளு எப்படித் திரும்பி வருதுன்னு பாக்கல. அன்னைக்குப் பாத்திருந்தா அது தயங்கித் தயங்கி வந்ததைக் கண்டிருப்பேன். வழக்கம் இல்லையே, எங்க பாக்க? டிஸ்ட்ரிபியூட்டர் மேல சாக்பீஸால ஒரு டிக் போட்டுக் கொண்டு போய் வண்டியில மாட்டிட்டேன். பழைய லீவரைக் கழட்டி அத்தான் கையில கொடுத்து, "அக்காகிட்ட கொடுங்க, தோசை திருப்ப ஆகும்"னேன். எல்லாரும் சிரிச்சோம். வண்டி முதல் சுத்துலயே எடுத்துச்சு.

சாயங்காலம் சவாரி முடிஞ்சு வந்த அத்தான் சாப்பிட உக்காரும்போது சொன்னாக.

"மாப்ள, வண்டி நின்னாலும் என்ஜின் வேகம் குறையாம கத்திக்கிட்டே நிக்குது. ஒரு தரம் கழட்டிப் பாக்கியா?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு. "பதினஞ்சு வருசம் லீவரோட குடும்பம் நடத்தினீக, புதுசு ஒரு நாள்ல பழகிருமா? பெஞ்சில வச்சுப் பாத்திருக்கேன். உங்க காதைவிட அந்தப் பெஞ்சுக்கு நல்லாத் தெரியும்"னேன்.

அவுக கோவிக்கல. "நீ பாத்தவன். நீ சொன்னா சரி"ன்னு சோத்தைப் பிசைஞ்சாக. அந்த வார்த்தை இன்னைக்கும் என் காதுல கிடக்கு. ஓடிக்கிட்டே இருக்கிற என்ஜினோட சூட்டுல சந்தனமும் எண்ணெயும் காஞ்சு இறுகுறதை அத்தானோட காது கண்டுபிடிச்சிட்டு. நான்தான் அந்த வாயை அடைச்சேன்.

மறுநாள் காலையில ரோட்டோரம் நின்ன வண்டிக்கு நாங்க ரெண்டு பேரும் போனோம். என்னை மாதுங்காவுல இறக்கி விடுறது அவுக வழக்கம். என் கையில டீ கிளாஸ். அத்தான் கதவைத் திறந்து கையை உள்ள விட்டாக. பழக்க தோஷம். கை லீவரைத் தேடுச்சு. அங்க ஓட்டைதான் இருந்துச்சு.

"எங்க போவுது கை?"ன்னேன்.

"கழுதை, தெரியாமப் போயிட்டு"ன்னு சிரிச்சுக்கிட்டே முன்னால வந்து ஹேண்டிலை மாட்டினாக. பெருவிரலை மத்த விரலோட சேத்து வச்சாக. நான் பாத்தேன். எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன். பாதி சுத்து மெதுவாச் சுத்தி அழுத்தம் பாத்துட்டு ஒரு இழுப்பு இழுத்தாக.

'டப்'புன்னு ஒரு சத்தம். ஹேண்டில் திரும்புச்சு. விரல் எல்லாம் ஒரே பக்கம் இருந்ததால பிடி விட்டுட்டுதான். ஆனா முழுச் சுத்தும் சுத்தி வந்த இரும்பு மணிக்கட்டுல இறங்கிட்டு. அத்தான் அம்மான்னுகூடச் சொல்லல. ரோட்டுல உக்காந்துட்டாக. கை வேற எங்கேயோ பாத்துக்கிட்டு தொங்குச்சு. செண்டுப்பூ மாலை வண்டி மூக்குல ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான் டீ கிளாஸை எப்பப் போட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குச் சேட்டும் வந்துட்டாரு, பஞ்சாபிக்காரரும் வந்துட்டாரு. அத்தானை ஒரு கட்டில்ல சாய்ச்சு வச்சிருந்தாக. முகம் வெளிறிக் கிடந்துச்சு. பஞ்சாபிக்காரரு சேட்டைப் பாத்து இந்தியில கேட்டாரு. "நேத்துதான வண்டியில சாமான் மாத்தினீங்க? இன்னைக்கு இது எப்படி?" சேட் என்னைப் பாத்தாரு.

"பெஞ்சில போட்டியா?"

"போட்டேன் சேட். எல்லாம் சரியா இருந்துச்சு."

"அப்ப எப்படி அடிச்சுது?"

உள்ள என்ன ஆச்சுன்னு அப்ப எனக்கே தெரியாது. ஆனா வேலை போயிருமோ, பேர் போயிருமோ, அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு எல்லாம் ஒண்ணா வந்துச்சு. என் நாக்குல சனி உக்காந்துட்டு.

"பெருவிரலைச் சுத்திப் பிடிச்சிட்டாரு சேட்"ன்னேன்.

சேட் மூச்சு விட்டாரு. பஞ்சாபிக்காரரு த்ச்சுன்னாரு. கட்டில்ல கிடந்த அத்தான் கண்ணைத் திறந்தாக. அந்த வலியிலயும் என்னைப் பாத்துக் கேட்டாக.

"அப்படியா பிடிச்சேன்?"

நான் சேட் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"மாப்ள, நீ பாத்தியால?"

"பாத்தேன் அத்தான்."

அவுக கண்ணை மூடிக்கிட்டாக. "இத்தனை வருசம் பிடிச்ச கை. ஆனைக்கும் அடி சறுக்கும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாக. நான் சொன்னா சரின்னு நேத்துச் சோத்துக்கு முன்னால சொன்ன அதே வாய்.

அன்னைக்கு மத்தியானம் வண்டியைக் காரேஜுக்கு இழுத்துட்டு வந்தாக. நான் தனியாப் போய் மூடியைத் திறந்தேன். வெயிட் ரெண்டும் முழுசா விரிஞ்சபடியே நிக்கு. கழுவாத சட்டியில காஞ்ச பத்து மாதிரி சந்தனம் அச்சைச் சுத்தி இறுகிப் பிடிச்சிருக்கு. நடுவுல குங்குமம் செக்கச்செவேல்னு அப்படியே இருக்கு. ஸ்பிரிங் இழுக்குது, வெயிட் வரல. விரலால நெம்பினேன், அப்பவும் அது அசையல. சாமிக்கு வச்ச பொட்டு ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சேன் பாருங்க. ராத்திரி பூரா நின்ன வண்டிக்கும் பொறி எவ்வளவு முந்தி விழுமோ அவ்வளவு முந்தி விழற மாதிரி அது பிடிச்சு வச்சிட்டு, அதான் பேக் அடிச்சிருக்கு. வெயிட் ரெண்டும் உக்காந்திருக்கிற இரும்புத் தட்டை நான் அப்படியே கழட்டி ஒரு துணியில சுத்தினேன். வேற ஒண்ணைப் போட்டு மாட்டினேன். யார்கிட்டயும் மூச்சு விடல. அப்பவாவது ஓடிப் போய்ச் சொல்லியிருக்கணும். சாயங்காலம் சொல்லலாம்னு நினைச்சேன். சாயங்காலம் அக்கா அழுதுக்கிட்டு இருந்தா. நாளைக்குன்னு நினைச்சேன். அந்த நாளை தள்ளிக்கிட்டே போயிட்டு.

எலும்பு நொறுங்கிப் போச்சு, கூடினாலும் கை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்படியே ஆச்சு. ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாதவனுக்கு யார் வண்டி கொடுப்பா? கொஞ்ச நாள் ஸ்டாண்டுல சும்மா நின்னாக. அப்புறம் செம்பூர்ல நம்ம ஆளுக குடியிருக்கிற ஒரு காலனியில வாட்ச்மேன் வேலை கிடைச்சுது. கேட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம். அக்காவும் அங்க போயிட்டா. நாலு வீட்டுல மாவாட்டிப் பாத்திரம் தேய்ச்சா. நான் தாராவியிலயே கிடந்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சயான்ல பஸ் ஏறிப் போவேன். அக்கா எனக்குப் பிடிக்கும்னு புளிக்குழம்பு வைப்பா. "நல்லாச் சாப்பிடு தம்பி, இன்னுங் கொஞ்சம்"னு ஊத்துவா. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காதும்பாக. எனக்குக் கிடைச்சுது. அந்தக் கொடுமையை நான் யார்கிட்டச் சொல்ல?

அத்தானுக்கு அந்தப் பொய் ஒரு தொழிலாவே ஆயிட்டு. காலனிக்கு வர்ற டாக்ஸிக்காரன் எவனா இருந்தாலும் நிறுத்தி வச்சு, ஹேண்டில் பிடிக்கிறதைச் சொல்லிக் கொடுப்பாக. தன் கையையே நீட்டிக் காட்டுவாக. "ஒரு நிமிசம் அசந்தேன். என் தப்புதான். யாரையும் சொல்லிக் குத்தமில்லை"ம்பாக. அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் கை பிழைச்சுதோ, எனக்குத் தெரியாது. அவுக பெருமைன்னு வச்சிருந்தது அந்தக் கை ஒண்ணுதான். அது போனதுக்கு மேல, தானே போக்கினோம்கிற அசிங்கத்தையும் நான் அவுக தலையில ஏத்தி வச்சேன்.

காரேஜுல நான் மாறிப் போனேன். ஏறும்போதும் பாப்பேன், இறங்கும்போதும் பாப்பேன். சேட் சலேகான்னா, "நஹி சலேகா"ன்னு கத்துவேன். ஆயுத பூஜைக்கு எவனாவது திறந்த சாமான்ல சந்தனக் கிண்ணத்தைக் கொண்டு வந்தான்னா அடிக்கவே போயிருவேன். இவனுக்குச் சாமியே ஆகாதுன்னு பேர் வந்துட்டு. வரட்டும்னு இருந்தேன்.

அப்படியே சில வருசம் ஓடுச்சு. அறுபதுகள் முடியப் போற சமயம், ஒரு ஞாயித்துக்கிழமை நான் போனப்ப, அத்தான் கேட்டுல பத்தொன்பது வயசு டிரைவர் ஒருத்தனைப் பிடிச்சு வச்சு அதே கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தாக. அந்தப் பய சிரிச்சுக்கிட்டே, "பதினஞ்சு வருசம் ஓட்டினவர் பெருவிரலைச் சுத்திப் பிடிப்பாரா? தூங்கிட்டா இருந்தீரு?"ன்னான். அத்தான் தலையைக் குனிஞ்சு, "ஆமாடே, தூங்கிட்டுதான் இருந்திருக்கேன்"ன்னாக. எனக்குப் பொறுக்கல. அந்தப் பயலை நாலு வார்த்தை ஏசி விரட்டினேன். அடுத்த வாரம் பவுடர் டப்பாவுல போட்டு ஒளிச்சு வச்சிருந்த அந்தத் தட்டை எடுத்துட்டுப் போனேன்.

மத்தியானம். அத்தான் கட்டில்ல உக்காந்திருந்தாக. அக்கா அடுப்புப் பக்கத்துல முதுகைக் காட்டிக்கிட்டு குழம்பைக் கிண்டிக்கிட்டு இருந்தா. நான் டப்பாவைத் திறந்து தட்டை அவுக முன்னால வச்சேன். சந்தனம் கறுத்துப் போயிருந்துச்சு. குங்குமம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். பொட்டு வச்சது, துடைக்காம விட்டது, இறங்கும்போது பாக்காதது, ஆஸ்பத்திரியில சொன்னது. அழுதேன், அதையும் சொல்லிருதேன்.

அத்தான் தட்டை இடது கையால எடுத்து மூக்குகிட்டக் கொண்டு போனாக.

"இன்னும் வாசம் இருக்குடே"ன்னாக. அப்புறம் தட்டைக் கட்டில்ல வச்சுட்டு என் தோளைத் தட்டினாக. "எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இதெல்லாம் எங்கயோ தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தியா மாப்ள? போன வாரம் அந்தப் பய சொன்னதுக்காக்கும்?"

"இல்லை அத்தான். சத்தியமா நீங்க சரியாத்தான் பிடிச்சீக. நான் பாத்தேன்."

"அன்னைக்கும் பாத்தேன்னுதான் சொன்னே."

"அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"அன்னைக்கு நீ பயந்து போய் இருந்தே. பயந்தவன் பொய் சொல்ல மாட்டான். இப்ப உனக்கு மனசு இளகிட்டு, அதான் சொல்லுதே. விடு." மடங்கின கையை மடியில வச்சு மறு கையால தடவிக்கிட்டாக. "எத்தனை தடவை நினைச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா? பெருவிரல் சுத்தி இருந்தது எனக்கே இப்ப ஞாபகம் இருக்கு."

நான் மறுபடியும் முதல்ல இருந்து சொன்னேன். எத்தனை தடவை சொன்னாலும், தலையை ஆட்டிச் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டாக. சுருட்டு வாங்கிட்டு வாரேன்னு எழுந்திருச்சு வெளிய போயிட்டாக.

அக்கா இன்னும் திரும்பல. அப்புறம் குழம்பை இறக்கி வச்சுட்டு வந்தா. கட்டில்ல கிடந்த தட்டை எடுத்தா. வெந்நீர்ல ஒரு கரித்துணியை நனைச்சு, பாத்திரம் தேய்க்கிற கையால ஒரு தரம் அழுத்தித் துடைச்சா. இன்னொரு தரம் துடைச்சா. வெயிட் ரெண்டும் லொட்டுன்னு உள்ள விழுந்துச்சு. பளபளன்னு இருந்த தட்டை என் முன்னால வச்சா.

"இவ்வளவுதானா தம்பி?"ன்னு கேட்டா.

அவ சாப்பாட்டுத் தட்டு வச்சு, சோறு போட்டு, குழம்பு ஊத்தினா. அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஊத்தினா. நான் பம்பாயில இருந்த கடைசி வருசம் வரைக்கும் ஊத்தினா. 'இன்னுங் கொஞ்சம்'னு மட்டும் அதுக்கப்புறம் அவ ஒரு நாளும் கேக்கல.